ஏசி அறையில் விறைக்கும் கால்களுக்கு

கொழும்பு வெக்கையில் கால் குளிருது என்று சொன்னால் ஊரில் இருக்கிற சொந்தக்காரர் சிரிப்பார்கள். கொள்ளுப்பிட்டியில் காலை எட்டரைக்கு ஏசிக்குக் கீழே கணக்குப் பார்க்க உட்கார்ந்து மாலை வரை எழும்பாதவர்களுக்குத்தான் அந்த விறைப்பு விளங்கும். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். அதனால் வீட்டிலேயே செய்யக்கூடியதை எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, எண்ணெய் தேய்த்து வளர்ந்த ஆள், அவ்வளவுதான்.

எண்ணெய்ப் போத்தலைத் தொட முதல், எந்தக் காலைத் தேய்க்கக் கூடாது என்று தெரிய வேணும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி நோகிறதென்றால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அதைப் பிசையவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? விரல் கறுக்கிறதா, புண் ஆறாமல் கிடக்கிறதா? அது தமனி அடைப்பாக இருக்கலாம், சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் கூடுதலாக வரும். நெஞ்சு நோவு, மூச்சு முட்டல், ஒரு பக்கம் இழுப்பு என்றால் யோசிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இரத்தச்சோகையிலும் தைராய்டு குறைவிலும்கூடக் கைகால் குளிரும். அதனால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

ஆயுர்வேதம் இதை வாதம் என்ற காற்றுத் தோஷத்தின் கணக்கில் வைக்கிறது. வாதத்தின் ஐந்து பிரிவில் வியானன் என்பது இதயத்தில் இருந்துகொண்டு உடல் முழுக்க ஓடுவது. வாதத்தின் குணம் குளிர்ச்சியும் வறட்சியும். ஆகவே அதற்கு எதிராகச் சூடும் நெய்ப்பும். எனக்கு இந்த விளக்கத்தைவிட அதிலிருந்து வருகிற செய்முறையில்தான் நம்பிக்கை.

எண்ணெய் நல்லெண்ணெயே போதும். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சின்ன எவர்சில்வர் பேணியில் விட்டு, பேணியைச் சுடுதண்ணிக் கிண்ணத்துக்குள் வையுங்கள். அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், இதமாக இருந்தால் சரி. முதலில் உள்ளங்கால். குதியில் பெருவிரலால் அழுத்தி விரல்வரை போங்கள், ஒவ்வொரு விரலையும் தனியாக உருட்டுங்கள். கணுக்காலிலும் முழங்காலிலும் வட்டமாக, கெண்டைக்காலில் நீளமாக. மயிர் படியும் பக்கமாகக் கீழ்நோக்கித் தேய்க்கச் சொல்லும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கத் தொங்கவிட்டு வீங்கின காலுக்கு மேல்நோக்கித் தேய்ப்பதுதான் எனக்குச் சுகம். நரம்பு சுருண்டு புடைத்திருந்தால் அதன்மேல் அழுத்தாதீர்கள். காய்ச்சல், அசீரணம் உள்ள அன்று எண்ணெய் வேண்டாம், சாஸ்திரமும் அப்படித்தான் சொல்கிறது.

அரை மணித்தியாலம் விட்டு, பயற்றம்மாவும் வெதுவெதுப்பான தண்ணியும் போட்டுக் கழுவுங்கள். அதுவரை பழைய காலுறை போட்டால் தளபாடம் தப்பும். மாடிவீட்டு டைல்ஸ் குளியலறையில் எண்ணெய்க் காலோடு நடப்பது ஆபத்து, ஸ்டூலில் இருந்தே கழுவுங்கள். சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சுடுதண்ணியில் காலை ஊறப்போடவே கூடாது. பொக்களித்த பிறகுதான் தெரியும்.

வேலை செய்கிற இடத்தில் எண்ணெய்க்கு வழியில்லை. அங்கே குதியைத் தூக்கி இறக்குங்கள், இருந்தபடியே. கெண்டைக்கால் தசைதான் கால் இரத்தத்தை மேலே தள்ளுகிற பம்ப். மாலையில் வெள்ளவத்தை மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிப் பக்கமாக ஒரு நடை. என்னைக் கேட்டால் எந்தக் கஷாயத்தையும்விட இதற்குத்தான் முதலிடம்.

குடிக்கிறதென்றால் இப்படி: கொத்தமல்லி ஒரு மேசைக்கரண்டி, தட்டிய வேர்க்கொம்பு ஒரு சின்னத் துண்டு, கறுவா அரை விரல் நீளம். இரண்டு கோப்பைத் தண்ணியில் போட்டு ஒரு கோப்பையாக வற்றவைத்து வடித்துக் குடிக்கலாம். உள்ளியைக் கறியில் தாராளமாகப் போடுங்கள். ஆனால் இரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், அஸ்பிரின் எடுப்பவர்கள் உள்ளி, இஞ்சி, மஞ்சள் மாத்திரைகளைத் தானாக வாங்கக் கூடாது, இரத்தப்போக்கு கூடும். வல்லாரையின் செறிவான சத்தை, நாளம் பலவீனமாகிக் கால் வீங்குபவர்களிடம் பரிசோதித்திருக்கிறார்கள். இரண்டு கரண்டிச் சம்பல் அந்த வேலையைச் செய்யும் என்று நான் சொல்லமாட்டேன், தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்ந்த ருசிக்காகச் சாப்பிடுகிறேன்.

புறக்கோட்டை கபோஸ் லேனில் மூலிகைக் கடைக்காரரிடம் ‘இரத்த ஓட்டத்துக்கு’ என்று கேட்டால் மருதம்பட்டையை நீட்டக்கூடும். ஆற்றங்கரையில் நிற்கிற கும்புக் மரத்தின் பட்டைதான். ஒரு பங்கு பட்டைத்தூள், எட்டுப் பங்கு பால், முப்பத்திரண்டு பங்கு தண்ணி சேர்த்து, பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சுவது பழைய முறை. அது இதயத்துக்கென்று வைத்த மருந்து, குளிர்ந்த பாதத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை. பிரஷர் குளிசையோடு சேர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மிஞ்சிக் குறையவும் கூடும். பற்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த எதையும் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

சில கிழமையில் கால் விறைப்பு மாறவில்லையென்றால் பொரளையில் அரசாங்க ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. வெளியே தனியார் வைத்தியரிடம் போவதானால் ஆயுர்வேத வைத்திய சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். எரிவு கூடுதலாக இருந்தால் பிண்ட தைலம், வாதம் காலில் இறங்கியதென்றால் சகசராதி என்று அவர்களே பார்த்து எழுதுவார்கள். இங்கிலிஷ் மருந்தை இன்றோடு நிறுத்து என்று சொல்பவர் யாராக இருந்தாலும், காசைக் கொடுத்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.