பழைய பிக்கப்பின் முன்பக்கத்தை மாற்றுதல்: அளவு முதலில், வெல்டிங் பிறகு

முன்பக்கம் முழுவதும் ஒரே அச்சாக, இரண்டு பட்டைக் கட்டுகளின் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை ஸ்பிரிங்குகள்) மேல் உட்கார்ந்திருக்கும் பழைய பிக்கப்பை அழகர்கோவில் சாலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். வேகத்தடையின் ஓரத்தில் இடது சக்கரம் மட்டும் ஏறினால் போதும். அச்சு சாய்ந்து வலது சக்கரத்தையும் தன்னோடு சாய்க்கும், அந்த உதறல், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டிராக் லிங்க் வழியாக ஸ்டியரிங்குக்கு வந்து உள்ளங்கையில் அடிக்கும். அமெரிக்காவில் செவர்லே தன் சிறிய பிக்கப்புகளில் 1960-ஆம் ஆண்டு மாடலில்தான் இந்த அச்சை விட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புக்கு மாறியது; டாட்ஜ் 1972 மாடல் வரை காத்திருந்தது. ஒத்தக்கடையில், யானைமலை கண்ணில் படும் எங்கள் கொட்டகையில் நிற்பது அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஒரு ஃபார்கோ பிக்கப். பெரியப்பா மேலூரிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய வண்டி அது. அதன் முன்பக்கத்தை மாற்றியபோது கற்றவற்றை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வேலையில் வெல்டிங் ஒரு நாளில் முடிந்துவிடும்; வண்டி நேராக ஓடுமா ஓடாதா என்பது அதற்கு முந்தைய ஒரு வாரத்தில், சாக்பீஸும் நூலும் தூக்குக்குண்டும் வைத்துத் தரையில் முடிவாகிவிடுகிறது.

கருவியைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்களை யோசித்துவிட வேண்டும். முதலாவது சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சக்கர இடைவெளியும் வெற்று எடையும் பதிவுச் சான்றில் இருப்பவை என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு, சேசிஸிலோ பாடியிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே உரியது. சேசிஸை வெட்டினால் அந்தக் கதவு மூடிவிடும் என்றே கொள்ளுங்கள். அபூர்வமான, முழுமையான வண்டி என்றால் அதை வெட்டாதீர்கள் என்பதே என் கருத்து.

இரண்டாவது, பழைய முன்பக்கம் உண்மையிலேயே கெட்டதுதானா, தேய்ந்தது மட்டும்தானா என்பது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சக்கரம் திரும்பும் ஆணியான கிங்பின்னில் ஆட்டம் இருந்தால், பட்டைக் கட்டின் முனையில் உள்ள ஷாக்கிள் புஷ் உருவிழந்திருந்தால், பட்டைகளுக்கு இடையே துரு ஏறி அவை நழுவாமல் இறுகிப்போயிருந்தால், முதலில் அவற்றைச் சரிசெய்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். குறையில் பாதி அதிலேயே போய்விடுவதுண்டு. மீதிப் பாதி அச்சின் பிறவிக் குணம். அதற்குத்தான் இந்த வேலை.

எந்த முன்பக்கத்தை எடுப்பது

அமெரிக்காவில் இதற்கென ஆயத்தமாகக் கிடைக்கும் கிட்களில் பெரும்பாலானவை, 1974 முதல் 1978 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் முன்பக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டவை: குறுக்குச் சட்டம் ஒன்று, அதில் சக்கரத்தைத் தாங்கும் மேல் கை, கீழ் கை, இடையே சுருள் ஸ்பிரிங், அச்சுக்கு முன்னால் ஸ்டியரிங் ரேக் (இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்). இறக்குமதி செய்ய வசதியில்லாதவர்களுக்கு, இங்கே ஓடும் வண்டிகளில் சுருள் ஸ்பிரிங் கொண்ட பொலேரோவின் முன்பக்கம் எடைக்கும் உறுதிக்கும் பொருத்தமானது. அம்பாசடரின் முன்பக்கமும் தனித்தனியாக இயங்குவதுதான். ஆனால் அது முறுக்குக் கம்பியில் வேலை செய்வதால், கம்பியின் பின்முனையைச் சேசிஸில் நெடுந்தூரம் தள்ளிக் கட்ட வேண்டியிருக்கும். பிக்கப்பின் கியர்பாக்ஸ் அருகே அதற்கு இடம் தேடுவது தேவையில்லாத தலைவலி.

பழைய பாகம் வாங்கப் போகும்போது அளவுநாடாவைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஒரு ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) முகத்திலிருந்து மறு ஹப்பின் முகம் வரை அளந்து, உங்கள் பழைய அச்சின் அதே அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 10 முதல் 15 மி.மீ. வரை வேறுபாடு இருந்தால் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் சக்கரம் மட்கார்டில் உரசும் அல்லது உள்ளே பதுங்கி அசிங்கமாகத் தெரியும். வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் பாருங்கள். பொலேரோவில் 139.7 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்; பழைய ஜீப்புகளிலும் அதே அளவுதான். பின்சக்கரம் வேறு அளவாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. கீழ் கை வளைந்திருக்கிறதா என்று தரையில் வைத்துப் பாருங்கள். விபத்தில் சிக்கிய வண்டியின் பாகம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

தரையும் நூலும்

இங்கே நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை இந்த வேலையை நகரில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். சேசிஸை நான்கு ஸ்டாண்டுகளில் ஒரே உயரத்தில் நிறுத்தி, குறுக்குச் சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நின்றதும் வெல்டிங் வைத்துவிட்டார்கள். ஆனால் அது வாட்டர் சர்வீஸ் செய்யும் இடம். தண்ணீர் வடிவதற்காகத் தரையை மூன்று மீட்டருக்கு எட்டு சென்டிமீட்டர் சரிவாகப் போட்டிருந்தார்கள். சேசிஸ் தரையோடு சேர்ந்து சாய்ந்திருந்தது, குறுக்குச் சட்டம் மட்டும் பூமிக்கு மட்டமாக நின்றது. அந்த ஒன்றரை டிகிரி அப்படியே காஸ்டரில் குறைந்தது; சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்தான் காஸ்டர், ஸ்டியரிங்கை நேராகத் திருப்பிக் கொண்டுவருவது அதுதான். திருப்பத்தில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவே இல்லை. கோணத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம் முழுவதையும் போட்டும் தேறாமல், கடைசியில் அறுத்தெடுத்து மறுபடி வைக்க நேர்ந்தது.

ஆகவே முதல் வேலை தரை. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் போதும். நான்கு சக்கரம் நிற்கும் இடங்களையும் அதில் சரிபார்த்து, பள்ளமான இடத்தில் இரும்புத் தகடு போட்டு உயர்த்துங்கள். அதன்பின் வண்டியைப் பிரிக்காமல், என்ஜின், ரேடியேட்டர், பேட்டரி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, ஓட்டுநர் இருக்கையில் ஒரு சிமெண்ட் மூட்டையையும் வைத்து நிறுத்துங்கள். வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே ஒரு எடை மேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி முன்பக்க எடையைக் குறித்து வந்திருந்தால், பின்னால் ஸ்பிரிங் தேர்வுக்கு அது பெரிதும் உதவும்.

இப்போது தூக்குக்குண்டு. ஹப்பின் நடுவிலிருந்து நூலை இறக்கி, குண்டின் முனை தொடும் இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போடுங்கள், மறுபக்கமும் அதே. இரண்டு குறிகளையும் நூலால் இணைத்தால் அதுதான் உங்கள் முன்னச்சுக் கோடு. அந்தக் கோட்டை நேர்மேலே சேசிஸின் இரு சட்டங்களுக்கும் கொண்டுபோய், சென்டர் பஞ்ச் வைத்து ஆழமாகக் குறியிடுங்கள். சாக்பீஸ் அழிந்துவிடும், பஞ்ச் குறி அழியாது. பின்னச்சிலிருந்து இந்தக் குறிகளுக்கு இரு பக்கமும் அளந்து, குறுக்கு மூலைகளையும் அளந்து பாருங்கள். மூலைக்கு மூலை 3 மி.மீ.க்கு மேல் வேறுபாடு வந்தால், அறுபது எழுபது ஆண்டுகளில் சேசிஸ் எங்கோ வளைந்திருக்கிறது. அதை நிமிர்த்தாமல் மேலே போகக் கூடாது.

பிறகு வண்டி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, சேசிஸை அந்த உயரத்தில், அந்தச் சாய்வில், ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். பிக்கப்பின் முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பதையே பெரும்பாலோர் விரும்புவார்கள். அது தவறில்லை, ஆனால் அந்தச் சாய்வு இப்போதே சேசிஸில் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் முன்பக்கத்தை இறக்கினால், இறக்கிய அளவுக்குக் காஸ்டரும் குறைந்துவிடும்.

அறுப்பதும் பற்ற வைப்பதும்

பட்டை தாங்கிகளின் ரிவெட்டுகளைக் கிரைண்டரால் தலை சீவி, பஞ்ச் வைத்து அடித்து எடுங்கள். கேஸ் கட்டரைச் சேசிஸ் அருகே கொண்டுபோகாதீர்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. பழைய பிக்கப்பின் சேசிஸ் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம். பட்டை ஸ்பிரிங் பாரத்தை முன்னும் பின்னுமாக இரு இடங்களில் இறக்கியது, புதிய அமைப்போ முழுப் பாரத்தையும் ஒரே இடத்தில் இறக்குகிறது. ஆகவே குறுக்குச் சட்டம் வரும் இடத்துக்கு முன்னும் பின்னும் அரை மீட்டருக்குக் குறையாமல், 5 மி.மீ. தகட்டால் அந்தத் திறந்த பக்கத்தை மூடிப் பெட்டியாக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றிய பின் இடம் மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு 50 மி.மீ. அளவில் பற்ற வையுங்கள். ஒரே ஓட்டமாக இழுத்தால் சூட்டில் சேசிஸ் வளைந்து, நீங்கள் எடுத்த அளவெல்லாம் வீணாகும்.

குறுக்குச் சட்டத்தை முதலில் நான்கே நான்கு புள்ளிகளில் தற்காலிகமாகப் பிடித்து, கைகளையும் ஹப்பையும் மாட்டுங்கள். ஸ்பிரிங் வேண்டாம், அதன் இடத்தில் சரியான நீளத்துக்கு அறுத்த ஒரு குழாயை வைத்தால், கீழ் கை தரைக்கு மட்டமாக, வண்டி ஓடும்போது நிற்கும் நிலையிலேயே நிற்கும். இந்த நிலையில் ஹப்பின் நடு உங்கள் பஞ்ச் குறிக்கு நேராக வருகிறதா, இரு பக்கமும் தரையிலிருந்து ஒரே உயரமா, சக்கரத்தை முழுமையாகத் திருப்பினால் எங்காவது உரசுகிறதா, என்ஜின் ஆயில் சம்ப் ரேக்கில் இடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் மீண்டும் ஒருமுறை அளந்து, இரண்டு நாள் அளவும் ஒத்துப்போனால் மட்டும் முழு வெல்டிங் வையுங்கள். சேசிஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவரை வைத்தே இதைச் செய்யுங்கள். இது உயிரைத் தாங்கும் மூட்டு.

ஸ்டியரிங்கும் பிரேக்கும்

அச்சுக்குப் பின்னால் இருக்கும்படி அமைந்த ரேக்கை அப்படியே முன்னால் கொண்டுவந்து மாட்டினால், ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வண்டி வலப்பக்கம் போகும். எந்த முன்பக்கத்தை எடுத்தீர்களோ அதன் ரேக்கை அதன் இடத்திலேயே வைப்பதுதான் பத்திரம். ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டை ராடு, கீழ் கைக்கு இணையாக ஓட வேண்டும். உயரம் சிறிது தவறினாலும், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது தானாகத் திரும்பும். சோதிக்க எளிய வழி உண்டு: ஸ்பிரிங் இல்லாத நிலையில் ஜாக்கியால் சக்கரத்தை 75 மி.மீ. மேலும் கீழும் நகர்த்தி, டயரின் முன், பின் ஓரங்கள் ஒரு நேர்ப்பலகையிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளந்து பாருங்கள். ஸ்டியரிங் தண்டில் இரண்டு ஜாயிண்டுக்கு மேல் வந்தால், நடுவில் ஒரு பேரிங் தாங்கல் கட்டாயம் வேண்டும்.

முன்பக்கம் டிஸ்க்காக மாறும்போது பழைய டிரம் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளை) பொருந்தாது. இரண்டு தனிச் சுற்றுகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் போடுங்கள். ஒரு குழாய் உடைந்தாலும் மற்றதில் பிரேக் இருக்கும். இந்த வகை வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் தளத்துக்குக் கீழே, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஆயில் பின்னோக்கி வடியும். அதைத் தடுக்க முன்சுற்றில் 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) தடுப்பு வால்வும், பின்பக்க டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. வால்வும் வேண்டும்.

கைகளையும் ஹப்பையும் இணைக்கும் பால் ஜாயிண்ட் நட்டுகளில் ஸ்பிளிட் பின் போட்டு வளைத்த பிறகே, ஸ்பிரிங்குக்குப் பதிலாக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டு, எடை மேடையில் குறித்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை அதற்குரிய கம்ப்ரஸர் கருவியால் மட்டும் ஏற்றுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். அதன் நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாதீர்கள்.

சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய அலைன்மெண்ட் கடைக்குப் போகும்போது அளவுகளை எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் அவர்களுடைய கணினியில் உங்கள் வண்டி இருக்காது. பவர் இல்லாத ஸ்டியரிங்குக்குக் காஸ்டர் 1 முதல் 2 டிகிரி, பவர் ஸ்டியரிங்குக்கு 3 முதல் 5 டிகிரி. கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம், பூஜ்யத்திலிருந்து அரை டிகிரி உள்சாய்வு வரை. டோ இன், அதாவது இரு சக்கரங்களின் முன்னோரங்கள் உள்நோக்கி நெருங்கும் அளவு, மொத்தமாக 1.5 முதல் 3 மி.மீ. முதல் ஓட்டத்தை ரிங் ரோட்டில் வைக்காமல், போக்குவரத்து இல்லாத ஊர்ச் சாலையில் 30 கி.மீ. வேகத்தில் தொடங்குங்கள். எல்லா நட்டுகளின் மேலும் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், எது நகர்ந்தது என்பது கண்ணுக்கே தெரியும். 100 கி.மீ. ஓடியதும் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், 500 கி.மீ.யில் ஸ்பிரிங் சற்று இறங்கி உட்கார்ந்திருக்கும், அப்போது அலைன்மெண்டை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.