நாலு நாள் லீவுக்காக டியூட்டியைச் சேர்த்த கதை

சென்ற வாரம், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண் ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். "அக்கா, வியாழக்கிழமை மாலையையும் நைட்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறேன். காலையில் அப்படியே ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன்." 16 ஆண்டுகளுக்கு முன் நானும் என் பொறுப்புச் செவிலியரிடம் இதையேதான் கேட்டேன். அவர் சரி என்றார். இந்தப் பெண்ணிடம் நான் முடியாது என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அவளுக்காகத்தான், புதிதாகச் சேரும் செவிலியர் செய்யக் கூடாது என்று நான் நினைப்பவற்றை எழுதுகிறேன். கை கழுவுவது, கேஸ் ஷீட்டில் நேரம் குறிப்பது போன்றவற்றைக் கல்லூரியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள், விட்டுவிடுகிறேன்.

டியூட்டியைச் சேர்த்துப் பார்ப்பது

வார்டு நெருக்கடி தாங்கவில்லை, நாலு நாள் ஊரில் இருந்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் இதைச் செய்கிறோம். மாலை டியூட்டி 2 மணி முதல் 8 வரை, நைட் 8 முதல் மறுநாள் காலை 8 வரை. மொத்தம் 18 மணி நேரம். ஆனால் மதியம் 2 மணிக்கா கண் விழிக்கிறோம்? அன்று காலை 6 மணிக்கே எழுந்து, விடுதியில் துணி துவைத்துவிட்டுத்தான் வார்டுக்குப் போனேன். மறுநாள் காலை 6 மணிக்கு, கண்ணை மூடி 24 மணி நேரம் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலின். வார்டு ஃப்ரிட்ஜில் இருந்தவை மில்லிக்கு 40 யூனிட் குப்பிகள். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். ஒரு பெரியவருக்கு மட்டும் வீட்டார் வெளியில் வாங்கி வந்தது 100 யூனிட் குப்பி. அதற்கு ஆரஞ்சு மூடி. கைக்கு வந்தது சிவப்பு. அவருக்குப் போட வேண்டிய 12 யூனிட்டுக்கு, அதில் 12-ஆம் கோடு வரை இழுத்தேன். குப்பியில் இருந்ததோ இரண்டரை மடங்கு அடர்த்தி, உடம்பில் ஏறியது 30 யூனிட். சிரிஞ்சை விளக்குக்கு நேரே தூக்கிக் கோட்டைச் சரிபார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கோடு சரியாகத்தான் இருந்தது.

7.30 மணிக்கு ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் ஓடிவந்தாள். தலையணை நனைய வியர்வை, பேச்சில் குழறல், ரத்தச் சர்க்கரை 42-க்கு இறங்கியிருந்தது. உடனே 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார். எனக்கு மெமோ வந்தது.

1997-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வைப் பிறகுதான் படித்தேன். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்குகிறது. 24 மணி நேரமானால் ஏறக்குறைய 0.10. நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பு 0.03. அவ்வளவு குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். அதே தள்ளாட்டத்தில் ஊசி போட்டால், "தங்கமான பெண், எத்தனை டபுள் கொடுத்தாலும் முகம் சுளிக்க மாட்டாள்" என்று மெச்சுகிறார்கள். ஆள் போடாத ஓட்டையை நம் தூக்கத்தை வைத்து அடைத்துக்கொள்ளும் அந்த மெச்சல் இன்றுவரை எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லீவு கிடைத்தது. முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். அம்மா வைத்த மீன் குழம்பு மீதி நாட்களில் தொண்டையில் இறங்கவில்லை. ஃபோன் அடித்தாலே வார்டிலிருந்துதான் என்று நெஞ்சு படபடத்தது.

ஊருக்குப் போயே ஆகவேண்டும் என்றால் தோழியிடம் டியூட்டியை மாற்றிக்கொள்ளுங்கள், சேர்க்காதீர்கள். மேலிடம் கட்டாயப்படுத்திச் சேர்ந்துவிட்டால், இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு மூன்றையும் இன்னொருவர் குப்பியையும் சிரிஞ்சையும் பார்க்காமல் தொடாதீர்கள். கூப்பிடக் கூச்சமாக இருக்கும். கூப்பிடுங்கள்.

சாப்பிடாமல் ஓடுவது

திறக்காத டிபன் டப்பாவுக்கு யாரும் மெடல் குத்துவதில்லை.

கத்துகிற உறவினரிடம் விளக்கம் சொல்வது

முதல் இரண்டு நிமிடம் அவர் காதில் எதுவும் விழாது, பயத்தில் கத்துகிறார். "எந்தப் படுக்கை?" என்று கேட்டுக்கொண்டே அவரோடு நடங்கள். நடக்கும்போது குரல் தானாகத் தணியும். கை ஓங்கினால் கதை வேறு: விழுங்கிக்கொள்ளாமல் அன்றே எழுதிக் கொடுங்கள். மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

இறந்தவரின் படுக்கையிலிருந்து நேரே அடுத்த படுக்கைக்குப் போவது

ஐந்து நிமிடம் ஸ்டோர் ரூமில் அழுதுவிட்டு வாருங்கள்.

வார்டு வாட்ஸ்அப் குழு

ஓய்வு நாளில் திறக்காதீர்கள், நான் அனுப்பிய செய்தியாக இருந்தாலும்.