கிராம் சாயமேற்றல்: தயிரில் பழகுங்கள்
பாக்டீரியாவைச் சாயமேற்றி, ஊதாவாக நிற்கும் கிராம் பாசிட்டிவ், சிவப்பாகும் கிராம் நெகட்டிவ் என இரண்டாகப் பிரிக்கும் செய்முறை இது; மதுரைக் கல்லூரிகளில் உயிர்மருத்துவப் பிரிவுகளில் சேர்ந்தவர்கள் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டியது. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்டது.

பழக வீட்டுத் தயிரே போதும். தெளிந்து நிற்கும் தயிர்நீரில் ஒரு துளியை ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்புங்கள்; தடித்தால் ஊதா உள்ளேயே தங்கி முடிவு பொய்யாகிவிடும். தானாகக் காய்ந்ததும் தீயின் மேல் இரண்டு மூன்று முறை சட்டென்று காட்டி எடுங்கள். புறங்கையில் வைத்தால் சுடக்கூடாது. பர்னரை அணைத்துவிடுங்கள், அடுத்து ஆல்கஹால் வருகிறது.

கிரிஸ்டல் வயலட் (ஊதாச் சாயம்) 1 நிமிடம், கழுவி அயோடின் 1 நிமிடம், மறுபடி கழுவல். பெரும்பாலோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். ஸ்லைடைச் சாய்த்து 95% ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வழிவதில் ஊதா நின்ற நொடியே, வழக்கமாக 10 முதல் 20 நொடிக்குள், தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கூடினால் கிராம் பாசிட்டிவ் செல்லும் வெளுத்துப் பின்னர் சிவக்கும். குறைந்தால் நெகட்டிவும் ஊதாவாகவே நிற்கும். பிறகு சாஃப்ரனின் (சிவப்புச் சாயம்) 1 நிமிடம்.

கடைசிக் கழுவலுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர்தான். உப்புப் புள்ளிகளைப் பாக்டீரியா என்று வரைந்துவிடுவீர்கள். ஒற்றி உலர்த்தி, நுண்ணோக்கிக்கான இம்மர்ஷன் எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஊதாக் கோல்கள், சங்கிலியாய் உருண்டைகள். தயிர் பழசாகியிருந்தால் செல்சுவர் சிதைந்து சில சிவப்பாகவும் தெரியும்.