சம்பளத்தோடு வியாபாரமும்: வருமான வரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் வேலைக்குச் சென்றுகொண்டே சிறு வியாபாரம் தொடங்கும் இளைஞர்கள், என் வயதினர் அந்நாளில் செய்து சூடுபட்ட தவறுகளையே இன்றும் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். பான் எண்ணைப் பிழையாக எழுதுவது, கடைசித் தேதியைத் தவறவிடுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு வருமானத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். மணலியில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்குச் சேலை எடுத்து, வாட்ஸ்அப் வழியாக விற்றுவந்தார். ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். சேலையில் செலவு போக 3 லட்சம் லாபம். "சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட வரி பிடிக்கவில்லை, வியாபாரமோ 4 லட்சத்துக்குள்தான் இருக்கிறது, பிறகு எதற்கு சார் வரி?" என்று ஜூலை மாதம் நிதானமாக வந்து கேட்டார்.

சட்டம் இரண்டையும் கூட்டித்தான் பார்க்கும். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி, சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக 11.25 லட்சம் நிற்கிறது. அது மட்டும் என்றால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும் என்பதால் நிறுவனம் எதையும் பிடிக்கவில்லை. அதன் கணக்கில் சேலை வியாபாரம் என்ற ஒன்றே இல்லை. ஆனால் லாபத்தைச் சேர்த்தால் மொத்தம் 14.25 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி போய்விடுவதால், முதல் 4 லட்சம் நீங்கலாக எல்லாவற்றுக்கும் அடுக்கு வாரியாக வரி வருகிறது: 93,750 ரூபாய், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 97,500 ரூபாய். 3 லட்சம் சம்பாதித்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! அவர் அந்தப் பணத்தை அடுத்த சரக்கில் போட்டுவிட்டிருந்தார்.

அதோடு முடியவில்லை. பிடித்தம் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது நிதியாண்டு முடியுமுன்பே முன்கூட்டிய வரி, கட்ட வேண்டும். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என நான்கு தவணை; உத்தேச லாப முறையில் (விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாக வைத்து) கணக்குக் காட்டுபவர்களுக்கு மார்ச் 15 அன்று ஒரே தவணை. இவர் உத்தேச முறையில் வந்ததால், ஜூலையில் கட்டியபோது தாமதத்துக்கான வட்டி 4,900 ரூபாய்க்குள் நின்றது. நான்கு தவணைக்காரராக இருந்திருந்தால் அது 8,800 ரூபாயைத் தொட்டிருக்கும்.

வேறு வருமானம் இருப்பதை நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்தால், சம்பளத்திலிருந்தே மாதந்தோறும் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். மேலாளருக்குத் தெரிய வேண்டாம் என்று தயங்குபவர்கள் (பெரும்பாலோர் அப்படித்தான்), வருமான வரித் துறையின் இணையதளத்தில் தாங்களே கட்டிவிடலாம்.

6 சதவீதத்தை வரி என்று நினைப்பது

உத்தேச முறையில் வங்கி, யு.பி.ஐ. வழி வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்ட வேண்டும். அது லாபத்தின் அளவே தவிர வரியின் விகிதம் அன்று. உண்மையில் 20 சதவீதம் கிடைத்திருந்தால், 20 சதவீதத்தைத்தான் காட்ட வேண்டும். கமிஷன் வருமானத்துக்கு இந்த முறை பொருந்தாது. காப்பீட்டு முகவர்கள் கவனிக்க வேண்டும்.

நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பது

முடியாது.

ஐ.டி.ஆர். 1 படிவம்

வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான இந்தப் படிவம், வியாபார வருமானம் இருந்தால் கூடாது. உத்தேச முறைக்கு 4, இல்லையேல் 3.

மனைவி பெயருக்கு மாற்றுவது

கணவர் இனாமாகக் கொடுத்த முதல் பணத்தில் மனைவி வியாபாரம் நடத்தினால், அந்த முதலுக்குரிய லாபம் கணவரின் வருமானத்தோடுதான் சேரும். மனைவி தன் சொந்தச் சேமிப்பைப் போட்டு, தானே நடத்தினால் அது வேறு கதை.

பழைய வரி முறைக்கு மாறி மாறிப் போவது

சம்பளம் மட்டும் வாங்குபவர் ஆண்டுதோறும் முறையை மாற்றிக்கொள்ளலாம். வியாபார வருமானம் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை. கழிவுகள் அதிகம் தரும் பழைய முறை வேண்டுமானால், கணக்குத் தாக்கல் கெடு முடியுமுன் 10-ஐ.இ.ஏ. படிவம் தர வேண்டும். அதிலிருந்து ஒருமுறை புதிய முறைக்குத் திரும்பிவிட்டால், வியாபாரம் நடக்கும்வரை மீண்டும் பழையதற்குப் போக முடியாது. ஆகவே வீட்டுக்கடன் வட்டி, காப்பீடு என்று கழிவுகள் நிறைய வைத்திருப்பவர்கள், இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அந்தப் படிவத்தைத் தொட வேண்டும்.