குழந்தைகள் ஸ்னோமொபைலில் ஸ்டீயரிங் இறுகினால்

பனியில் ஓடும் 120 சிசி குட்டி ஸ்னோமொபைல்களுக்கு ஆயுள் கெட்டி. அமெரிக்காவின் மினசோட்டாவிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் அண்ணன் வளர்ந்ததும் தம்பிக்கு, பிறகு பக்கத்து வீட்டுக்கு என்று கை மாறிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஆயிலை மாற்றுவார்கள், செயினை இறுக்குவார்கள். ஸ்டீயரிங் பக்கம் மட்டும் யாரும் போவதில்லை. கோடை முழுக்க கொட்டகையில் கிடந்த வண்டியை முதல் பனிக்கு வெளியே எடுத்தால் ஹேண்டில்பார் அசைய மறுக்கும்.

பெரியவர் கைக்கு இது பொருட்டாகத் தெரியாது. ஏழு வயதுப் பிள்ளை இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பும்போது வலது கட்டைவிரல் தானாகவே வேகம் கூட்டும் த்ராட்டிலை அமுக்கிவிடும். திரும்ப வேண்டிய இடத்தில் வண்டி வேகமெடுக்கும். அதனால் இதைச் சரிசெய்யாமல் பிள்ளையை ஏற்ற வேண்டாம்.

கண்ணில் பட்ட மூட்டுக்கெல்லாம் டபிள்யூடி-40 பீய்ச்சுவதுதான் வழக்கமான வைத்தியம். அன்றைக்கு இலகுவாக இருக்கும், சில நாளில் பழையபடி இறுகும். ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும்தான் அது நல்லது. பாரம் தாங்கி உராயும் இடத்தில் நிற்காது. மிச்சமிருந்த கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

எங்கே பிடிக்கிறது?

சாவியை எடுத்துவிட்டு, ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் டெதர் கயிற்றைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் மூடியையும் உருவிவிடுங்கள். முன் பம்பருக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு ஸ்கீயும் தரையை விட்டு 5 முதல் 10 செ.மீ. எழும்பும்படி நிறுத்துங்கள். கராஜ் தரையில் வைத்துத் திருப்பிப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ஸ்கீக்கு அடியிலுள்ள இரும்பு ரன்னர் சிமெண்டைக் கவ்விக்கொள்ளும். புது வண்டிகூட அங்கே கனக்கும்.

தூக்கிய நிலையில் சுலபமாகத் திரும்பினால் கோளாறு ஸ்கீயில். கடைசிப் பகுதிக்குப் போங்கள். அப்போதும் கனத்தால், ஹேண்டில்பாரின் திருப்பத்தை ஸ்கீக்குக் கொண்டுபோகும் டை ராடுகளின் வெளிமுனையை, ஸ்பிண்டிலின் மேல் பூட்டியிருக்கும் ஸ்டீயரிங் கையிலிருந்து கழற்றுங்கள். இப்போது ஹேண்டில்பார் தனி, இடது ஸ்கீ தனி, வலது ஸ்கீ தனி. ஒவ்வொன்றையும் கையால் திருப்பிப் பாருங்கள். குற்றவாளி எது என்று உடனே தெரிந்துவிடும். பெரும்பாலும் அது ஒரு பக்கத்து ஸ்பிண்டிலாகத்தான் இருக்கும்.

ஸ்பிண்டில்

ஸ்கீயைத் தாங்கும் இந்தத் தண்டு, ஒரு குழாய்க்குள் புஷ் எனும் வளையத்தில் சுழல்கிறது. பல பழைய குட்டி வண்டிகளில் அந்தக் குழாய்க்கு கிரீஸ் ஏற்றும் நிப்பிளே கிடையாது. உருகிய பனி உள்ளே இறங்கி, வெளியேற வழியின்றித் துருவாகிறது.

ஸ்டீயரிங் கை ஸ்பிண்டிலில் உட்கார்ந்திருக்கும் கோணத்தைக் கழற்றும் முன்பே பெயிண்ட் பேனாவால் குறித்துவிடுங்கள். வாஷர்களின் வரிசையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாஷர் இடம் மாறினாலும் மேல் போல்ட்டை இறுக்கும்போது எல்லாம் சேர்ந்து நெரியும். ஸ்கீயையும் ஸ்டீயரிங் கையையும் எடுத்த பிறகு ஸ்பிண்டில் கீழ்ப்பக்கமாக வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் துரு இளக்கும் எண்ணெயை மேலும் கீழும் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். பிறகு முன்னும் பின்னுமாகத் திருகியபடியே இறக்குங்கள். தீ காட்ட வேண்டாம். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் புஷ் என்றால் உருகிவிடும். சுத்தியல் போட்டே ஆக வேண்டுமென்றால் இடையில் மரத்துண்டு வையுங்கள், மரை நசுங்காது.

வெளியே வந்த தண்டை 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, சமதளக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். எழும்பி எழும்பி உருண்டால் வளைந்திருக்கிறது. மரவேரில் மோதிய வண்டியிலும், 'ஒரு ரவுண்டுதானே' என்று பெரியவர்கள் ஏறி ஓட்டிய வண்டியிலும் இதைப் பார்க்கலாம். நிமிர்த்த முயலாதீர்கள், புதிது வாங்குங்கள். புஷ் விரிசல் விட்டிருந்தாலோ நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ அதையும் மாற்றுங்கள்.

கிரீஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரண என்.எல்.ஜி.ஐ 2 (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) வீல் பேரிங் கிரீஸ் கராஜில் வெண்ணெய்போல இருக்கும். மைனஸ் 25 டிகிரியில் கெட்டியாகி, அதுவே ஸ்டீயரிங்கைப் பிடிக்கும். தண்ணீர் தாங்கும், மைனஸ் 40 வரை வேலை செய்யும் என்று டப்பாவில் போட்டிருக்கும் சிந்தெடிக் கிரீஸ் வாங்குங்கள். தண்டு முழுக்க மெல்லிய பூச்சு, புஷ் இருக்கும் இடத்தில் கொஞ்சம் தாராளமாக, அவ்வளவு போதும்.

கைவேலை பழகியவர்கள் இந்தச் சமயத்திலேயே ஒரு நிப்பிளும் வைத்துவிடலாம். குழாயில், இரண்டு புஷ்ஷுக்கும் நடுவே 5 மி.மீ. துளை போட்டு எம்6 மரை வெட்டினால் 6 மி.மீ. நிப்பிள் பொருந்தும். தண்டு வெளியே இருக்கும்போதுதான் துளைக்க வேண்டும். உள்ளே விழுந்த இரும்புத்தூளை ஒன்று விடாமல் துடையுங்கள். நிப்பிளின் அடி உள்ளே நீண்டு தண்டை உரசவில்லையா என்றும் பாருங்கள்.

ஸ்டீயரிங் தண்டு

ஹேண்டில்பார் தனியாகவே கனத்தால், தண்டின் நடுவில் அதை அணைத்துப் பிடிக்கும் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளைப் பாருங்கள். ஆட்டம் இருக்கிறதே என்று யாராவது போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். தளர்த்தி, துடைத்து, கிரீஸ் தடவி, தண்டு தடையில்லாமல் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். போல்ட்டைத் தளர்வாக விட்டால்தான் சுழல்கிறது என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். கட்டைகளுக்கு இடையே மெல்லிய வாஷர் கொடுத்து முழுதாக இறுக்குங்கள். கீழ்முனைப் புஷ்ஷில் பைன் ஊசியும் மண்ணும் சேர்ந்திருக்கும், அதையும் சுத்தம் செய்யுங்கள்.

டை ராட்

ராடின் முனையிலுள்ள பால் ஜாயிண்டை விரலால் ஆட்டினால் வழுவழுவென்று அசைய வேண்டும். நறநறத்தால் மாற்றுங்கள். கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதையும் அதே அளவு ஏற்றுங்கள். பல ராடுகளில் ஒரு முனை எதிர்த்திசையில் திரும்பும் இடது மரை; திரும்பவில்லையே என்று பலத்தைக் காட்டாதீர்கள்.

லாக் நட்டை இறுக்கும்போதுதான் கவனம் வேண்டும். நட்டோடு சேர்ந்து பால் ஜாயிண்டும் சாய்ந்துவிடும். இரு முனையும் தத்தம் அசைவு வரம்பின் நடுவில் நிற்கும்படி பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் நேராக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, முழுதாகத் திருப்பினால் பாதியில் பிடிக்கும். எல்லாம் புதிதாகப் போட்டும் இறுகுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தரையில் மட்டும் கனத்தால்

ரன்னர் வளைந்தோ ஒருபக்கமாகத் தேய்ந்தோ இருந்தால் மாற்றுங்கள். ஸ்கீக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பரைத் திருப்பிப் போட்டிருந்தால் ஸ்கீயின் மூக்கு கீழே குத்தி, பனியை உழும். ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஸ்கீ போல்ட்டுக்கு 20 செ.மீ. முன்னும் 20 செ.மீ. பின்னும் ஸ்கீக்களின் இடைவெளியை அளந்து பாருங்கள். கையேடு வேறு எண் சொல்லாவிட்டால், முன்பக்கம் 3 மி.மீ. அகலமாக இருப்பது சரி. முன்பக்கம் குறுகியிருக்கவே கூடாது.

பூட்டும்போது நைலாக் நட்டு, காட்டர் பின் எல்லாம் புதிதாகப் போடுங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போதே ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் த்ராட்டிலை அமுக்கி விடுங்கள். சட்டென்று திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, ஜிப் டையை வெட்டிப் பாதையை மாற்றிக் கட்டுங்கள். பிள்ளை முதல் முறை ஓட்டி முடித்ததும் டை ராட் லாக் நட்டுகள் நான்கையும் மறுபடி ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.