லினக்ஸை டவுன்லோடு செய்யும் முன் ஒரு பார்வை

காட்பாடி, குடியாத்தம் பக்கம் கோடையில் கரண்ட் போனால் மோடமும் சேர்ந்து அணையும். பிரவுசரில் முக்கால்வாசி இறங்கிய ஐஎஸ்ஓ, அதாவது லினக்ஸை இன்ஸ்டால் செய்யும் கோப்பு, பல நேரம் வீண்தான். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுமே தங்கள் தளத்தில் டோரண்ட் (துண்டு துண்டாக இறக்கும் முறை) கோப்பும் தருகின்றன. அதை எடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்க்கும்.

நேரடியாக இறக்கினால் சரிபார்ப்புக் குறியீடு உள்ள எஸ்எச்ஏ256 கோப்பையும் கூடவே எடுத்து, டெர்மினலில் எஸ்எச்ஏ256சம் (sha256sum) கட்டளையோடு ஐஎஸ்ஓ பெயரைக் கொடுங்கள். வரும் 64 எழுத்தை அந்தக் கோப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்; ஒன்று மாறியிருந்தாலும் திரும்ப இறக்க வேண்டியதுதான். இன்ஸ்டால் பாதியில் நின்றால் பாவம், பென்டிரைவைத்தான் முதலில் திட்டுகிறோம்.

எதைப் போடுவது? லினக்ஸ் வகைகளைப் பட்டியலிடும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கு அது. பயன்படுத்துவோர் கணக்கு அல்ல. டிஸ்ட்ரோசீ தளத்தில் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் வேகத்தை அதை வைத்து எடை போடக்கூடாது.

சிக்கல் வந்தால் ஆர்ச் விக்கி, அதாவது ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் உதவித் தளம். உபுண்டுக்காரர்களுக்கும் வைஃபை, ஆடியோ பக்கங்கள் பெரும்பாலும் உதவும்; மென்பொருள் ஏற்றும் பேக்மேன் கட்டளை வரும் இடத்தில் அதற்கு இணையான உபுண்டுவின் ஆப்ட் கட்டளையைப் போடுங்கள், பேக்கேஜ் பெயரும் மாறலாம். லேப்டாப்பில் வைஃபை டிரைவரே ஏறவில்லையா? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் (போன் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் வசதி) போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும்.