கியூர்பீப் டெலிவரிக்குக் கிளம்பும்முன்

மொரிஷியஸில் பைக்கில் பார்சல் கொண்டுபோகிறவர்களே, கீழே போர்ட் லூயிஸில் வெயில் மண்டையைப் பிளக்கிறதே என்று மழைக்கோட்டை வீட்டில் விட்டுவிட்டு மேலே கியூர்பீப்புக்குப் பார்சல் எடுத்துப் போகாதீர்கள். கியூர்பீப் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரம் அங்கேதான் கொட்டும். அங்கே போகும் எம்1 நெடுஞ்சாலையில் பீனிக்ஸ் ஊரைத் தாண்டியதுமே தூறல் பிடிக்கும் நாட்கள் அதிகம். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திக் கோட்டு மாட்டுவது ஆபத்து. முன்னாலேயே ஒரு பெட்ரோல் பங்கில் மாட்டிக்கொள்ளுங்கள். வியர்க்கும்தான், பரவாயில்லை.

மழையின் முதல் பத்து நிமிடம்தான் மோசம். சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதந்து வழுக்கும். வண்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டிய ரவுண்டபவுட்டுக்கு (சாலை வட்டத்துக்கு) நம் ஊரில் பஞ்சமா? வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து, சாயும்போது விட்டுவிடுங்கள். சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகளின்மேல் சக்கரம் ஏற வேண்டாம். ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு லாரிகள் சிந்தும் மண்ணும் சோகையும் வேறு.

வண்டியின் பார்சல் பெட்டி மூடியை நம்பாதீர்கள். பார்சலைக் குப்பைப் பையில் போட்டு, வாயை முடிந்து, முடிச்சு கீழே வரும்படி வையுங்கள். நனைந்த பார்சலுக்குக் காசு யார் கையிலிருந்து போகும் என்று சொல்லவே வேண்டாம்.

புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால் முதலாளி என்ன சொன்னாலும் வீடு திரும்புங்கள்.